லயத்திற்கு வந்த புதியவர்: தஞ்சோங் காராங் வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழி வகுப்புகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் கட்டுரைத் தலைப்புகளுள் ஒன்று அந்நியத் தொழிலாளர் வருகையால் ஏற்படும் விளைவுகள் பற்றியது. இத்தலைப்புக்கு மாணவர் எழுதும் விடையில் ஒரு வாய்பாடு உண்டு. வேலைவாய்ப்புப் பறிபோதல், குற்றச்செயல் பெருகுதல், தொற்றுநோய் பரவுதல், பண்பாடு சீர்குலைதல் என்று கருத்துகள் வரிசையாக அடுக்கப்பெறும். அரசாங்கம் கடும் நடவடிக்கை எடுத்தல் வேண்டும் என்ற வேண்டுகோளுடன் கட்டுரை நிறைவுறும். ஆசிரியராகிய நாம் ஒற்றுப்பிழைகளைத் திருத்துகின்றோம், பொருத்தமான பழமொழி இடம்பெற்றிருப்பின் மகிழ்கின்றோம், புள்ளிகள் வழங்குகின்றோம். அக்கட்டுரையின் கருத்தோட்டத்தை நாம் கேள்விக்கு உட்படுத்துவதில்லை.

எழுதுகின்ற மாணவனின் பாட்டனோ பூட்டனோ இதே நான்கு குற்றச்சாட்டுகளுக்கும் ஆளானவர் என்பதை அவன் அறியான். அறிந்த நாமும் அவனுக்குச் சொல்வதில்லை. இம்மௌனம் பள்ளிக் கட்டுரையோடு முடிந்துவிடவில்லை. நம் படைப்பிலக்கியத்திலும் மேடைப் பேச்சிலும் அன்றாட உரையாடலிலும் இது காணக்கிடக்கின்றது. குடியேறியவராக வந்து, அல்லலுற்று, உரிமை பெற்று நிலைத்த ஒரு சமூகம், பின்னர் வந்த குடியேறியை எக்கண்கொண்டு நோக்குகின்றது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இதனைப் பொதுப்படப் பேசாது, கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தஞ்சோங் காராங்கையும் அதனைச் சூழ்ந்த வட சிலாங்கூர்த் தோட்டப்புறத்தையும் களமாகக் கொண்டு பேச முற்படுகின்றோம்.

மூன்று வருகைகள்

கோல சிலாங்கூரிலிருந்து சிலாங்கூர் ஆற்றைக் கடந்து வடக்கே செல்லும் கடற்கரைச் சாலை தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் வழியாகச் சபாக் பெர்ணமை நோக்கி நீள்கின்றது. சாலையிலிருந்து உட்புறம் திரும்பினால் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை நெல்வயல்கள். தெற்கிலும் கிழக்கிலும் செம்பனைத் தோட்டங்கள். இந்நிலக்காட்சி இயற்கை தந்ததன்று. சதுப்புக் காட்டை அழித்து, வாய்க்கால் வெட்டி, மனிதர் உருவாக்கியது. அம்மனிதருட் பெரும்பாலோர் வேற்றிடத்திலிருந்து வந்தவர்கள்.

முதலாவது வருகை, ஜாவாவிலிருந்தும் தென் போர்னியோவின் பஞ்சார் நிலத்திலிருந்தும் நிகழ்ந்தது. 1930களில் தொடங்கப்பெற்ற தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டத்தின் நிலங்களில் இம்மக்கள் திரளாகக் குடியமர்ந்தனர். அவர்கள் பேசிய மொழி ஜாவானியம், பஞ்சாரியம். ஆயினும் 1913ஆம் ஆண்டு மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் மலாய்க்காரர் யார் என்பதற்கு விரிந்த வரையறை ஒன்றைத் தந்திருந்தது. மலாயோ மலாய் இனத்தார் மொழிகளுள் ஒன்றோ பேசி, இஸ்லாத்தைப் பின்பற்றும் மலாய் இனத்தவர் எவரும் அதனுள் அடங்குவர். ஆகவே கடல் கடந்து வந்தவர் நிலத்துக்குரியவராக ஆவதற்குச் சட்டம் தடையாக நிற்கவில்லை, வாயிலாக அமைந்தது. இரண்டு தலைமுறைக்குள் அவர்கள் இம்மண்ணின் மக்களாகக் கருதப்பட்டனர்.

இரண்டாவது வருகை நம்முடையது. தென்னை, காப்பி, ரப்பர், பின்னர் செம்பனை எனப் பயிர்கள் மாறினாலும் அவற்றைப் பேணிய கைகள் பெரும்பான்மையும் தமிழ்க் கைகளாகவே இருந்தன. 1907இல் அமைக்கப்பெற்ற இந்தியர் குடிநுழைவுக் குழுவும், கங்காணி முறையும், கப்பற்செலவை ஏற்ற நிதியும் நம் முன்னோரை இங்குக் கொணர்ந்தன. அவர்களுக்குக் கிட்டியது நிலமன்று, லயத்து வீடு. அவ்வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போயிற்று. நிலத்தில் குடியமர்த்தும் முயற்சிகள் ஆங்காங்கே சிறு அளவில் நடந்தனவேயன்றித் தோட்டத் தமிழர்க்கு அது பொதுக் கொள்கையாக வாய்க்கவில்லை.

மூன்றாவது வருகை 1970களில் தொடங்கி இன்றுவரை தொடர்வது. முதலில் இந்தோனேசியர் வந்தனர். 1984இல் மேடானில் கையெழுத்தான உடன்பாடு அவ்வரவை முறைப்படுத்த முயன்றது. 1980களின் பிற்பகுதியிலிருந்து வங்காளதேசத்தவர் தோட்ட வேலைக்கு அழைக்கப்பட்டனர். பின்னர் நேபாளியரும் இந்தியத் தொழிலாளரும் வந்து சேர்ந்தனர். தமிழ்க் குடும்பங்கள் வெளியேறிய தோட்டங்களில் இன்று இவர்களே வேலை செய்கின்றனர்.

இம்மூன்றையும் ஒருசேர வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. 1930களில் ஜாவாவிலிருந்து வந்தவரின் பேரர் இன்று மண்ணின் மைந்தர். 1990களில் அதே ஜாவாவிலிருந்து, அதே மொழி பேசி, அதே சமயம் ஒழுகி வந்தவர் அந்நியர். ஆவணம் காலாவதியாயின் சட்டவிரோதக் குடியேறி. தீவு மாறவில்லை, மொழி மாறவில்லை. மாறியவை வந்த ஆண்டும் கையிலுள்ள தாளும் மட்டுமே. புதியவர் சமூகத்தோடு ஒன்றுவதும் ஒன்றாமற் போவதும் அவருடைய குணத்தைப் பொறுத்தது என்ற பொதுக்கருத்தை மறுக்கத் தஞ்சோங் காராங் வயல்வெளி ஒன்றே போதும்.

தென்னமரமும் ஒரு பிரெஞ்சு நாவலும்

இவ்வட்டாரத்திற்கு உலக இலக்கியத்தில் ஓர் இடமுண்டு. சிலாங்கூர் ஆற்றங்கரையில் தோட்டம் அமைத்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே, 1930இல் 'மலேசி' என்னும் நாவலை வெளியிட்டார். அவ்வாண்டே பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசு அதற்குக் கிடைத்தது. இந்நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டத்தை 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் உருவாக்கியவரும் அவரே. 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றப்பெற்ற ஊர் அது. அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றிய ஒரு பயிரின் தொட்டில் தமிழ்ப் பெயர் தாங்கி நிற்பது குறிப்பிடத்தக்கது.

'மலேசி' தமிழரை வெறுக்கும் நாவல் அன்று. ஆசிரியர் தோட்டத் தமிழரை அருகிலிருந்து கண்டவர். அவர்களுடைய உடலழகையும் சடங்கையும் வியப்போடு எழுதுகின்றார். ஆயினும் நாவலின் உயிர்நாடி ஐரோப்பியத் தோட்டக்காரரின் ஆன்மத் தேடலிலும், ஒரு மலாய் இளைஞனின் துயர முடிவிலும் தங்கியிருக்கின்றது. தமிழர் நாவலின் நிலக்காட்சியில் ஒரு பகுதியாக நின்றுவிடுகின்றனர். காட்டை வெட்டியவரும் கன்று நட்டவரும் அவர்களே, கதை அவர்களுடையதன்று. பரிவு இருந்தும் பாத்திரமாக்கவில்லை என்பதே இந்நாவலைப் பற்றித் தமிழ் வாசகர் கூறத்தக்க குறை.

இக்குறையைச் சுட்டுவது நமக்கு எளிது. காலனியப் பார்வை என்று பெயரிட்டு விலகிவிடலாம். ஆனால் அதே அளவுகோலை நம் இலக்கியத்தின் மீது வைக்கும் துணிவு நமக்கு வேண்டும்.

நம் நாவல்களின் நினைவும் மறதியும்

மலேசியத் தமிழ் நாவலின் தலையாய சாதனை நினைவைக் காத்தது. கா. பெருமாளின் 'துயரப் பாதை', எம். குமாரனின் 'செம்மண்ணும் நீல மலர்களும்' முதலியன தோட்ட வாழ்வின் ஒடுக்குமுறையைப் பதிவு செய்தன. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியன அரசு வரலாறுகள் ஓரிரு வரிகளில் கடந்துபோன பேரழிவைத் தமிழரின் குரலில் மீட்டன. தமிழகத்திலிருந்து வந்து கண்ட அகிலனும் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். ஆங்கிலத்தில் கே. எஸ். மணியம் 1981இல் வெளியிட்ட 'தி ரிட்டர்ன்' நாவலில், கையகல நிலத்திற்கேனும் உரிமை கொள்ள ஒரு குடும்பம் இரண்டு தலைமுறையாகப் படும் பாடு சித்திரிக்கப்படுகின்றது. உழைத்துப் பண்படுத்திய மண் தனதாகாத துயரத்தை அதனினும் கூர்மையாகச் சொன்ன மலேசியப் புனைவுகள் சிலவே.

இவை அனைத்தும் ஒரு வாதத்தை வெவ்வேறு குரலில் முன்வைக்கின்றன. எங்களை அழைத்து வந்தீர். எங்கள் உழைப்பால் செழித்தீர். ஆகவே எங்கள்பால் உமக்குக் கடமை உண்டு என்பதே அவ்வாதம். 2007 ஆகஸ்டில் இலண்டனில் பிரித்தானிய அரசுக்கு எதிராகத் தொடுக்கப்பெற்ற இண்ட்ராப் வழக்கும், அவ்வாண்டு நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூரில் திரண்ட பேரணியும் இதே வாதத்தை நீதிமன்றத்திற்கும் வீதிக்கும் கொண்டு சென்றன. அறநோக்கில் இது வலிமை வாய்ந்த வாதம். ஆனால் இவ்வாதம் ஓர் இனத்துக்கு மட்டும் உரியதாயின் அது அறமாகாது, தன்னலமாகச் சுருங்கிவிடும். அழைத்து வந்தவனுக்குக் கடமை உண்டு என்றால், இன்று இந்நாட்டின் செம்பனையும் கட்டடமும் உணவகமும் யாருடைய உழைப்பால் நிற்கின்றனவோ அவர்கள்பால் குடிமக்களாகிய நமக்கும் கடமை உண்டு.

நம் புனைவுகளில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேபாளியரும் அண்மைய ஆண்டுகளில் தென்படத் தொடங்கியுள்ளனர் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் பெரும்பாலான கதைகளில் அவர்கள் வரும் விதம் சிந்திக்கத்தக்கது. சாலையோரம் கூட்டமாக நிற்பவர்; தமிழ்ப் பெண்ணை ஏமாற்றிச் செல்பவர்; நாயகனின் வேலையைப் பறித்தவர்; காவற்படை வரும்போது ஓடுபவர். பெயரில்லை, ஊரில்லை, தாயில்லை. அவர்களுடைய வருகை கதையின் தொடக்கமாக அமைவதில்லை. நம் வீழ்ச்சியின் அடையாளமாக மட்டுமே அமைகின்றது. 'மலேசி'யில் நாம் நின்ற இடத்தில் இன்று அவர்களை நிறுத்தியிருக்கின்றோம். ஃபோக்கோனியேயிடம் இருந்த வியப்புக்கூடப் பல வேளைகளில் நம்மிடம் இல்லை.

சொற்கள் இவ்வுண்மையை மேலும் காட்டிக்கொடுக்கின்றன. கலிங்க நாட்டுப் பெயரினின்று பிறந்ததாகக் கருதப்பெறும் 'கெலிங்' என்னும் சொல், மக்களைக் குறிக்கும் பெயராகத் தொடங்கிச் சிறுமைப்படுத்தும் சொல்லாக முடிந்த வரலாற்றை நாம் நன்கறிவோம். அச்சொல்லைக் கேட்கும்போது நமக்கு எழும் சினம் நியாயமானது. அதே நாவால் 'பங்களா' என்றும் 'இந்தோன்' என்றும் நாம் சொல்லும்போது குரலில் ஏறும் ஏளனம் நம் செவிக்கு எட்டுவதில்லை. தமிழகத்திலிருந்து ஒப்பந்த வேலைக்கு வரும் தமிழரைக்கூட 'ஊர்க்காரன்' என ஒரு விலகலோடு சுட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. நம் பாட்டனும் ஒரு காலத்தில் ஊரிலிருந்து வந்தவரே என்பது அச்சொல்லை வழங்கும்போது நினைவுக்கு வருவதில்லை.

கூலிச் சிக்கலும் ஒரு நியாயமான சினமும்

இங்கு ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். தோட்டத் தமிழரின் கசப்பு வெறும் இனக்காழ்ப்பு அன்று. அதற்குப் பொருளியல் அடிப்படை உண்டு. 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல் ஆயிரக்கணக்கான குடும்பங்களை லயத்தினின்று வெளியேற்றியது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், குடியுரிமை பெறாதோர் வேலை செய்ய அனுமதி பெற வேண்டியதாயிற்று; பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். எஞ்சியோர் சங்கத்தின் வழி கூலி உயர்வு கேட்ட காலத்தில், குத்தகைக்காரர் வழியே குறைந்த கூலிக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் கொணரப்பட்டனர். பேரம் பேசும் வலிமை குன்றியது. இளையோர் தோட்டத்தை விட்டு நகரத்துப் புறம்போக்குக் குடியிருப்புகளுக்குச் சென்றனர். ஆகவே அவர்கள் வந்ததால் நாங்கள் போனோம் என்று ஒரு முதிய தோட்டத் தொழிலாளி கூறுவாராயின் அதில் உண்மை இல்லை என்று தள்ளிவிட இயலாது.

ஆயினும் அவ்வுண்மை பாதியளவினது. கூலியை வகுத்தவர் புதிதாக வந்தவர் அல்லர். காலனியக் காலத்தில் தோட்டத்துறைமார் தமிழர் கூலியைக் கட்டுக்குள் வைக்கச் சீனரையும் ஜாவானியரையும் பயன்படுத்தினர். பிறர் கூலி கேட்டபோது கப்பலில் மேலும் தமிழரை வரவழைத்தனர். அந்நாளில் கூலியைக் குறைத்த அந்நியன் யார் என்று வேற்றினத் தொழிலாளியைக் கேட்டிருந்தால் அவன் விரல் நம்மை நோக்கியே நீண்டிருக்கும். 1930இன் பொருளாதார மந்தத்தில் ஆணுக்கு 50 காசாக இருந்த நாட்கூலி 40 காசாகக் குறைக்கப்பட்டது. தொடர்ந்த ஓரிரு ஆண்டுகளில் ஓரிலக்கத்திற்கும் மேற்பட்ட இந்தியர் திருப்பி அனுப்பப்பட்டனர். வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடும் மதகுபோல் மனிதரைக் கருதிய அம்முறை நம் முன்னோரோடு ஒழிந்துவிடவில்லை. அது ஆளை மாற்றிக்கொண்டு தொடர்கின்றது.

ஒப்புமைகள் மேலும் உள. கங்காணிக்குக் கடன்பட்டுக் கப்பலேறியவர் நம் முன்னோர். முகவருக்குக் கடன்பட்டு விமானம் ஏறுகின்றவர் இன்றைய வங்காளதேசத் தொழிலாளி. 2020இல் கட்டாய உழைப்பு நிகழ்வதாக ஐயுற்று அமெரிக்கச் சுங்கத்துறை இரண்டு பெரும் மலேசியச் செம்பனை நிறுவனங்களின் எண்ணெய்க்குத் தடை விதித்தது. அதன் பின்னரே தொழிலாளர் செலுத்திய ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடுகள் விரைந்தன. பிறருடைய கடவுச்சீட்டை வைத்துக்கொள்ளுதல் 1966ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம். ஆயினும் அவ்வழக்கம் பற்றிய முறையீடுகள் ஓய்ந்தபாடில்லை.

தொற்றுநோய்க் குற்றச்சாட்டும் அத்தகையதே. நம் முன்னோர் கரையிறங்கியதும் பினாங்கின் ஜெர்ஜாக் தீவிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் தொற்றுத்தடைக் காப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். நோய் கொணர்பவர் என்று கருதப்பட்ட அவர்களைத் திரளாகக் கொன்றது, காடு வெட்டிய இடத்தில் பெருகிய மலேரியா. 2020இல் கோவிட் தொற்று வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் பரவியபோது பொதுமக்கள் சினம் தொழிலாளர் மீது பாய்ந்தது. ஓர் அறையில் எத்தனை பேர் அடைக்கப்பட்டிருந்தனர் என்ற கேள்வி பிந்தியே எழுந்தது. தோட்ட, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பை மனங்கொண்டு இயற்றப்பெற்ற 1990ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே பிற துறைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. லயத்தில் நாம் பட்ட இன்னலினின்று பிறந்த சட்டம் இன்று பிறரைக் காக்கப் பயன்படுகின்றது. நம் வரலாற்றினின்று பொதுப்பயன் விளையக்கூடும் என்பதற்கு இது சான்று.

கூலிச் சிக்கலுக்குத் தீர்வும் இவ்வழியிலேயே உள்ளது. புதியவரின் கூலி குறைவாக இருக்கும்வரை பழையவரின் கூலி உயராது. 2013இல் நடைமுறைக்கு வந்து, 2025இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்துள்ள குறைந்தபட்சச் சம்பளம், தோட்டத்தில் வேலை செய்யும் உள்நாட்டவர்க்கும் வெளிநாட்டவர்க்கும் ஒன்றே. அது இருவர்க்கும் ஒழுங்காகக் கொடுக்கப்பெறுகின்றதா என்று கண்காணிப்பதே தமிழ்த் தொழிலாளிக்கும் நன்மை பயக்கும். அந்நியத் தொழிலாளியை விரட்டுதல் கூலியை உயர்த்தாது. அவனுடைய அச்சத்தை உயர்த்தும். அஞ்சுகின்றவன் குறைந்த கூலிக்கும் இணங்குவான்.

ஒன்றுதல் யார் பொறுப்பு?

புதியவர் நம்மோடு ஒன்றுவதில்லை. தனித்தே வாழ்கின்றனர் என்பது மற்றொரு முறையீடு. ஒன்றுவதற்கான வழிகளை நாம் திறந்து வைத்திருக்கின்றோமா என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

தமிழர் இந்நாட்டில் வேரூன்றியதற்கு முதற்காரணம் குடும்பம். பெண்களும் வந்தனர், பிள்ளைகள் பிறந்தனர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்கப் பணித்தது. மாட்டுக்கொட்டில் போன்ற கட்டடமாயினும், கிராணியோ கங்காணியோ ஆசிரியராயினும், அது பள்ளி. இன்று நாம் பெருமையோடு பேசும் தமிழ்ப்பள்ளிகளுட் பலவும் குடியேறிய தொழிலாளியின் பிள்ளைக்காகப் பிறந்தவையே. இரண்டாவது காரணம் குடியுரிமை. 1948 முதல் 1957 வரையிலான சட்டமாற்றங்களும், நாட்டின் விடுதலையும், இம்மண்ணிற் பிறந்தவர் இம்மண்ணுக்குரியவர் ஆக வழிவகுத்தன. அவ்வழி அனைவர்க்கும் எட்டவில்லை. சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்தியோரும் பிறப்புப் பத்திரமே இல்லாதோரும் நம்மிடை உளர். இந்தியச் சமூகத்தினரின் ஆவணச் சிக்கலுக்காக 2011இல் தனி இயக்கமே நடத்த நேர்ந்தது.

இன்றைய தோட்டத் தொழிலாளியின் அனுமதிச் சீட்டு இவ்விரு வழிகளையும் அடைத்துவிடுகின்றது. அவர் குடும்பத்தை அழைத்துவர இயலாது. இங்கே மணம்புரியவும் இயலாது. காலம் முடிந்ததும் திரும்பிவிடல் வேண்டும். அகதிகள் நிலை வேறு; எனினும் அவர்களுக்கும் கதவு அடைபட்டே உள்ளது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. அகதிப் பிள்ளைகட்கு அரசுப்பள்ளியில் இடமில்லை. குடும்பமும் பள்ளியும் நிலமும் மறுத்துவிட்டு, இவர்கள் ஒன்றவில்லை என்று குறைகூறுதல், கதவைத் தாழிட்டுவிட்டு விருந்தாளி உள்ளே வரவில்லை என்று நோவதைப் போன்றதாகும். 2020 ஏப்ரலில் ரோஹிங்கியா மக்களுக்கு எதிராக எழுந்த வெறுப்பலையில் நம்மவர் குரலும் கலந்திருந்தது என்பதை வருத்தத்துடன் நினைவுகூர்கின்றோம்.

மொழியும் இனமும் வேறாக இருப்பதே விலகலுக்குக் காரணம் என்பாரும் உளர். இலங்கை மலையகத் தமிழர் வரலாறு இதனை மறுக்கின்றது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி தமிழகம் திரும்பிய அம்மக்களுட் பலர் நீலகிரியில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு வேலை தரவென்று 1968இல் தமிழக அரசின் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பெற்றது. தமிழ் பேசும் தமிழரிடையே, தமிழ் பேசும் தமிழராகத் திரும்பிய அவர்கள் நெடுங்காலம் 'சிலோன்காரர்' என்றே சுட்டப்பட்டனர். ஒன்றுதலுக்குப் பொதுமொழி மட்டும் போதாது என்பதும், நிலமும் நிலையான வாழ்வும் ஏற்கும் மனமும் வேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும்.

புதியவர்க்கும் சொல்ல ஒரு கதை உண்டு என்பதைச் சிங்கப்பூர் நமக்குக் காட்டியது. 2014இல் அங்குத் தொடங்கப்பெற்ற புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டியில் முதல் இரண்டு ஆண்டுகளும் வென்றவர், கட்டுமானத் துறையில் பணியாற்றிய வங்காளதேசத்தவரான சாகிர் ஹுசைன் கோக்கன். அவருடைய கவிதை பாராட்டப்பட்டது, மேடைகள் கிடைத்தன. தொழிலாளர் நிலைபற்றி முகநூலில் அவர் எழுதியதைத் தொடர்ந்து 2022இல் அவருடைய வேலை அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. கவிஞராக ஏற்றுக்கொண்ட நாடு அவரைக் குடியிருப்பவராக ஏற்கவில்லை. இலக்கியம் கதவைத் தட்டலாம்; திறப்பது சமூகத்தின் பொறுப்பு என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், எல்லைகள் அனைத்தும் திறந்துவிடப்பட வேண்டும் என்பது நம் கருத்தன்று. எத்தனை பேர் வரலாம், எவ்வளவு காலம் தங்கலாம் என்பதை வகுக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. குற்றம் புரிந்தவர் எவராயினும் தண்டிக்கப்படுதலும் முறையே. நாம் வற்புறுத்துவது அதனினும் சிறியது. ஆனால் நம் கைக்கு எட்டியது. வந்துவிட்ட மனிதரைப் பற்றி நாம் பேசும் மொழி, நம்மைப் பற்றிப் பிறர் பேசக்கூடாது என்று நாம் கேட்கும் மொழியாக இருத்தல் கூடாது.

இதற்குத் தமிழாசிரியர்களும் பல்கலைக்கழகத்தாரும் செய்யத்தக்கன சில உள. தோட்டப்புறப் பாடல்களையும் வாய்மொழி வரலாறுகளையும் நம் ஆய்வு முன்னோடிகள் லயம் லயமாகச் சென்று திரட்டினர். அம்முயற்சி இல்லையேல் நம் வரலாற்றின் பாதி அழிந்திருக்கும். அதே தோட்டங்களில் இன்று வாழ்வோரின் வாய்மொழியையும் நம் மாணவர் பதிவு செய்யலாம். பத்தாங் பெர்ஜுந்தைத் தோட்டம் ஒன்றில் முன்னாளில் பால் வெட்டிய தமிழ்ப் பாட்டியும் இந்நாளில் குலை வெட்டும் வங்காளதேச இளைஞனும் வந்திறங்கிய முதல் நாளை எவ்வாறு நினைவுகூர்கின்றனர் என்பதை ஒப்பிட்டு ஆராயலாம். மலேசியத் தமிழ் நாவல் பாடத்தைக் கற்பிக்கும்போது, இக்கதையில் வந்தேறி யார் என்ற வினாவையும் ஒரு தேர்வு வினாவாக அமைக்கலாம்.

பள்ளிக் கட்டுரையைப் பொறுத்தவரை நம் பரிந்துரை எளியது. அந்நியத் தொழிலாளர் பற்றிய தலைப்பை நீக்க வேண்டியதில்லை. அதற்கு முந்திய வாரத்தில் வேறொரு பயிற்சியைக் கொடுக்கலாம்: குடும்பத்தில் இந்நாட்டுக்கு முதன்முதலில் வந்தவர் யார், எவ்வாண்டில், யாருக்குக் கடன்பட்டு, எந்தத் தோட்டத்திற்கு வந்தார், அவரை அங்கிருந்தோர் எவ்வாறு அழைத்தனர் என வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு எழுதி வருமாறு பணிக்கலாம். அவ்விடைகளைக் கையில் வைத்துக்கொண்டே மாணவன் அடுத்த கட்டுரையை எழுதட்டும். அதன் பின்னரும் அவன் கடும் நடவடிக்கை வேண்டும் என்று முடிப்பானாயின், அது அவனே எண்ணி அடைந்த முடிவாக இருக்கும். நாம் கொடுத்த வாய்பாடாக இராது.